கிளினிக்குக்கு எழுதிய மருந்துச்சீட்டு: பர்ன்அவுட் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஓர் உளவியலாளர் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் சொந்த ஆலோசனை அறை. கட்டணம் கட்டி வருகிறவர்களை 10 மணி நேரம், சில நாள் 12 மணி நேரம்கூடப் பார்ப்பார். சாயங்காலம் அதை மூடிவிட்டு மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜில் இருந்த செயின்ட் மார்க்ஸ் இலவச கிளினிக்குக்குப் போவார். அங்கே சம்பளம் கிடையாது. போதைப்பழக்கத்தில் சிக்கியவர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள், மற்ற ஆஸ்பத்திரிகளுக்குள் நுழையவே தயங்குகிறவர்கள்தான் அங்கு வருவார்கள். கடைசி ஆள் போன பிறகு ஊழியர்கள் கூட்டம் நடக்கும். அவர் வீடு திரும்பும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். சில மணி நேரத் தூக்கம், விடிந்தால் மறுபடி ஆலோசனை அறை.

அவர் பெயர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1974இல் 'ஜர்னல் ஆஃப் சோஷியல் இஷ்யூஸ்' என்ற ஆய்விதழில் அவர் 7 பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். வேலை அழுத்தம் நீடித்து உடலும் மனமும் வற்றிப்போகும் நிலையை இன்று நாம் பர்ன்அவுட் என்கிறோம். அதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதில் பேசப்படும் நோயாளிகளில் அவரும் ஒருவர். அதைத் தொடக்கத்திலேயே அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பர்ன்அவுட்டை எப்படிச் சமாளிப்பது என்று இன்று கேட்டால் தியானம், நன்றியுணர்வுக் குறிப்பேடு, வார இறுதியில் மலைவாசஸ்தலம் என்றுதான் பதில் வருகிறது. எல்லாமே பாதிக்கப்பட்டவரே செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் இந்த நிலையை முதலில் விரித்து எழுதியவர் தீர்வுகளில் பெரும்பகுதியை வேலை நடக்கும் இடத்துக்குத்தான் சொன்னார். ஐம்பது ஆண்டில் அந்தப் பாதி எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அதை மறுபடி எடுத்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஆளும் இடமும்

ஃபிராய்டன்பெர்கர் 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சியில் நிலைமை மோசமானபோது, 12 வயதுவாக்கில், தனியாக அமெரிக்கா வந்து சேர்ந்தார். பெற்றோர் பின்னர் வந்ததும் குடும்பத்துக்காகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் புரூக்ளின் கல்லூரி. அங்கேதான் உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் அறிமுகம் கிடைத்து, உளவியல் பக்கம் வந்தார். 1956இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தே முன்னுக்கு வந்தவர் அவர். "இதைவிடக் கஷ்டமெல்லாம் பார்த்துவிட்டோம்" என்ற நினைப்பு இப்படிப்பட்டவர்களுக்கு இயல்பாகவே இருக்கும். அதனாலேயே உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் வீடுகளிலும் முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்கு வந்தவர்களிடம் இதே குணத்தைப் பார்க்கலாம். சோர்வைச் சோர்வென்று சொல்லவே அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

அடுத்து இடம். 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் டேவிட் ஸ்மித் என்ற மருத்துவர் ஓர் இலவச கிளினிக்கைத் தொடங்கினார். அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்தப் பகுதியில் வந்து குவிந்திருந்தார்கள். மருத்துவம் காசுக்கு விற்கும் பொருளல்ல, எல்லோருக்குமான உரிமை என்பதுதான் அந்த கிளினிக்கின் கொள்கை. அங்கிருந்து இது ஓர் இயக்கமாகப் பல நகரங்களுக்குப் பரவியது. ஃபிராய்டன்பெர்கர் அந்த இயக்கத்தில் மனதாரச் சேர்ந்தவர்.

இலவச கிளினிக் எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன்னார்வலர்களை நம்பியே அது நடந்தது. பணம் எப்போதும் பற்றாக்குறை. யார் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கண்டிப்பான வரையறை இல்லை, கதவைத் தட்டுகிறவர்களுக்கும் முடிவில்லை. கூடவே அங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு லட்சியத்துக்காக வந்தவர்கள். "என்னால் முடியவில்லை, இன்று சீக்கிரம் போகிறேன்" என்று சொன்னால் லட்சியத்தையே கைவிட்டதுபோல ஆகிவிடும் சூழல். உதவி தேவைப்படும் மனிதர் கண்முன்னே நிற்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பது யாருக்கும் லேசல்ல.

என்ன நடந்தது

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது அது. சோர்வும் எரிச்சலும் கூடின. சுற்றி இருந்தவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவரோ களைப்பு கூடக்கூட இன்னும் அதிகமாக உழைத்தார். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். தள்ளிக்கொண்டே போன குடும்ப விடுமுறை ஒன்றுக்கு ஒருவழியாக நாள் குறித்தார்கள். கிளம்ப வேண்டிய நாளன்று காலை அவரால் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. பயணம் நின்றுபோனது. அடுத்து வந்த நாட்களைப் பெரும்பாலும் தூங்கியே கழித்தார்.

அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியம் இந்த நிகழ்விலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஓர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, தனக்கு என்ன ஆகிறது என்று தானே அதில் பேசினார். ஆலோசனைக்கு வருகிறவர் பேசுவதுபோல, எதையும் வடிகட்டாமல் பேசினார். பிறகு அதைப் போட்டு, வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். களைப்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் குரலில் இருந்த கோபம்தான் அவரைத் திடுக்கிட வைத்தது. குடும்பத்தை ஏமாற்றிவிட்ட குற்றவுணர்வும் அதில் கலந்திருந்தது.

தொழிலே அடுத்தவர் மனதை வாசிப்பதாக இருந்தும் அவரால் தன் நிலையை உள்ளிருந்தபடியே பார்க்க முடியவில்லை. அதை வெளியே எடுத்து, தூரத்தில் வைத்துக் கேட்ட பிறகுதான் புரிந்தது. நமக்கு இதில் நேரடியாகவே பயன் இருக்கிறது. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இரவு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, இன்று வேலையில் என்ன நடந்தது என்று தாய்மொழியில், வாய்க்கு வந்தபடி பேசிப் பதிவு செய்யலாம். இரண்டு நாள் கழித்து அதைக் கேட்க வேண்டும். சொல்வதைவிடச் சொல்லும் தொனியைக் கவனிக்க வேண்டும். சக ஊழியர் பெயர் வரும் இடத்தில் குரல் எப்படி மாறுகிறது? வாடிக்கையாளரையோ மாணவரையோ நோயாளியையோ "இதுங்க" என்று சொல்கிறோமா? கேள்வித்தாள்களில் சிக்காதது அங்கே சிக்கும்.

அறிகுறிகள்: 1974 கட்டுரை சொன்னவை

தன்னோடு நிற்காமல் கிளினிக்கில் இருந்த மற்றவர்களையும் அவர் கவனித்தார். ஒருவர் வேலைக்குச் சேர்ந்து சுமார் ஓராண்டில் இது தலைகாட்டுகிறது என்று பதிவு செய்தார். உடல் அறிகுறிகள்: எவ்வளவு தூங்கினாலும் போகாத அசதி, விடாத ஜலதோஷம், அடிக்கடி தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, மூச்சு வாங்குதல்.

நடத்தையில் தெரிபவை இன்னும் கவனிக்கத்தக்கவை. சட்டென்று கோபம் வரும், சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கும். மற்றவர்கள் தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்ற சந்தேகம் எழும். மனதை மந்தமாக்கும் மாத்திரைகளை நாடுவார்கள். எந்தப் புது யோசனை வந்தாலும் "இதெல்லாம் இங்கே நடக்காது" என்று மறுப்பார்கள்.

கடைசியாகச் சொன்னதை அலுவலகங்களில் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒரு காலத்தில் டீமிலேயே அதிக ஆர்வமாக இருந்த ஆள், இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் முட்டுக்கட்டை போடுகிறார். மேனேஜர் அவரை "நெகட்டிவ் ஆள்" என்று முத்திரை குத்துகிறார். ஃபிராய்டன்பெர்கரின் விளக்கம் வேறு. மாற்றம் என்றால் மறுபடி ஒரு புதிய முறைக்குப் பழக வேண்டும், அதற்கான தெம்பு அந்த ஆளிடம் மிச்சமில்லை. அவருடைய பிடிவாதத்தை உள்ளே ஒன்றும் மீதியில்லை என்பதற்கான அடையாளமாகப் படிக்கச் சொல்கிறார். நான் இதை ஏற்கிறேன். நீண்ட நாள் நன்றாக உழைத்த ஒருவர் திடீரென்று கசப்பாகப் பேசத் தொடங்கினால், அவருடைய குணத்தை ஆராய்வதற்கு முன் கடந்த ஓராண்டில் அவர் மேல் ஏற்றிய வேலையை ஆராய வேண்டும்.

இன்னோர் அறிகுறி, வேலை நேரம் கூடிக்கொண்டே போகும், முடிகிற வேலை குறைந்துகொண்டே போகும். அந்த நேரம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கடும் உழைப்பாகத் தெரியும். இரவு 11 மணிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவரைப் பாராட்டுகிற அலுவலகத்தில் இந்த அறிகுறிக்குப் பதவி உயர்வுகூடக் கிடைக்கலாம்.

யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், அர்ப்பணிப்போடு வேலை செய்கிறவர்களுக்கு என்பதுதான். அவர்களுக்குள்ளிருந்து ஓர் அழுத்தம் வருகிறது. உதவி கேட்டு வருகிறவர்களிடமிருந்து ஒன்று, நிர்வாகத்திடமிருந்து இன்னொன்று. வெளியே வேறு வாழ்க்கை இல்லாமல் கிளினிக்கையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்களையும், தன்னைத் தவிர யாராலும் இதைச் சரியாகச் செய்ய முடியாது என்று நம்புகிறவர்களையும் தனியே எடுத்துப் பேசுகிறார். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் சலிப்பையும் விடவில்லை.

மருந்துச்சீட்டு யாருக்கு?

தடுக்கும் வழிகளாக அவர் சொன்னவற்றை, யார் செய்ய வேண்டியது என்ற கேள்வியோடு படித்துப் பாருங்கள். புதிய தன்னார்வலரைச் சேர்க்கும்போதே, நடைமுறை தெரிந்து வருகிறாரா, கனவில் வருகிறாரா என்று பார்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒருவரையே திரும்பத் திரும்ப ஒரே கடினமான பணிக்கு அனுப்பக் கூடாது, பணிகளை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒருவர் வேலை செய்யும் நேரத்துக்கு வரம்பு வேண்டும். கிளினிக்கைவிட்டு ஒதுங்கி இருக்கும் நாட்களை முறையாக ஏற்பாடு செய்து தர வேண்டும். அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளக் குழுவாக உட்கார வேண்டும். வெளியே பயிற்சிப் பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டும். வேலை கூடினால் ஆட்களைக் கூட்ட வேண்டும். உடற்பயிற்சி செய்ய ஊக்கப்படுத்த வேண்டும்.

தனிமனிதர் தாமே செய்துகொள்ளக்கூடியது என்று பார்த்தால் கடைசி ஒன்றுதான். மற்ற எல்லாம் டியூட்டிப் பட்டியல் போடுகிறவர் செய்ய வேண்டியவை. ஏற்கெனவே தளர்ந்துவிட்டவருக்கு நீண்ட ஓய்வும், அவரைத் தாங்கிப்பிடிக்கும் நண்பர்களும் வேண்டும் என்கிறார். அப்போதும் தனியாக மீண்டு வா என்று அவர் சொல்லவில்லை.

காசில்லாத ஒரு தன்னார்வ கிளினிக்குக்கு, 1974இல், இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்திருக்கிறது. பணமும் ஆட்களும் உள்ள நிறுவனங்கள் இன்று இதில் பாதியைக்கூடச் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. யோகா வகுப்பு நல்லது, மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்வது மிக நல்லது. ஆனால் இருவர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஓர் ஆலோசகரின் எண்ணை மின்னஞ்சலில் அனுப்புவது சிகிச்சை ஆகாது.

சரி, ஃபிராய்டன்பெர்கரின் பார்வையில் குறையே இல்லையா? உண்டு. அர்ப்பணிப்புள்ளவர்களுக்கு வருகிறது என்று அவர் சொன்னது, காலப்போக்கில் "அளவுக்கு மீறி ஆசைப்பட்டு உழைத்தார், எரிந்துபோனார்" என்று ஆளின் மேல் பழிபோட வசதியாகிவிட்டது. 1980இல் பொதுவாசகர்களுக்கு அவர் எழுதிய புத்தகமும் பெரும்சாதனை தேடுகிறவர்கள் கொடுக்கும் விலை என்ற கோணத்தில்தான் இதை அணுகியது. இதைத் திருத்தியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக்.

மாஸ்லாக்கின் கண்ணால் இதே நிகழ்வு

மாஸ்லாக் அதே 1970களில் மக்களோடு பழகும் தொழில்களில் இருந்தவர்களை நேர்காணல் செய்துகொண்டிருந்தார். 1981இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அது மூன்று விஷயங்களை அளக்கிறது. உணர்வு வற்றிப்போன அசதி, எதிரே இருக்கும் மனிதரை ஒரு பொருளாகப் பார்க்கும் விலகல், தான் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் கொடுத்த வரையறையும் ஏறக்குறைய இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. அது பர்ன்அவுட்டை ஒரு நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடித்த பணியிட அழுத்தத்தால் வரும், வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது. வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்பது வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது.

மாஸ்லாக்கும் அவரோடு ஆய்வு செய்த மைக்கேல் லைட்டரும் பிறகு ஆறு இடங்களைச் சுட்டினார்கள்: வேலைச்சுமை, தன் வேலைமேல் தனக்குள்ள பிடி, கிடைக்கும் பலனும் மதிப்பும், சக ஊழியர்களோடு உள்ள உறவு, நியாயம், கொள்கை. இந்த ஆறில் ஆளுக்கும் வேலைக்கும் எங்கே பொருந்தவில்லை என்று பார்க்கச் சொன்னார்கள்.

செயின்ட் மார்க்ஸ் நிகழ்வை இப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் புதிதாகத் தெரிகின்றன. வேலைச்சுமை வெளிப்படை. கொள்கையில் குறையே இல்லை, அவர் மனதார நம்பிய வேலை அது. உறவும் நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த உறவே சுமையாகவும் ஆனது. நள்ளிரவு தாண்டி நடந்த ஊழியர் கூட்டம் நட்பின் அடையாளம்தான், அது தின்றது தூங்க வேண்டிய நேரத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது பிடி. ஆலோசனை அறையில் யாரை, எப்போது, எத்தனை நேரம் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்தார். கிளினிக்கில் கதவைத் திறந்து வருகிறவர் முடிவு செய்தார். அங்கே தீராத பிரச்சினைகளோடு வருகிறவர்களில் பலர் நாளை எங்கே இருப்பார்கள் என்றுகூடத் தெரியாது. முடித்தோம் என்ற நிறைவு கிடைக்காத வேலை அது.

கொள்கை நன்றாக இருந்தால் மற்ற ஐந்தில் குறை இருந்தாலும் மனிதர்கள் நெடுநாள் தாங்குவார்கள் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் தொண்டு நிறுவனங்களும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. "சேவை மனப்பான்மை வேண்டும்" என்ற வாக்கியத்தால் மூடப்படும் ஆள்பற்றாக்குறை நம் ஊரிலும் கொஞ்சநஞ்சமல்ல.

நியாயம் பற்றி ஒரு வார்த்தை. 2008இல் மாஸ்லாக்கும் லைட்டரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வட அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பிரிவு ஊழியர்களை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்தார்கள். அசதி மட்டுமோ கசப்பு மட்டுமோ இருந்தவர்களில் யார் முழு பர்ன்அவுட்டுக்குப் போகிறார்கள், யார் மீள்கிறார்கள் என்பதைப் பிரித்துக் காட்டியது நியாயம் பற்றிய கேள்வி. தங்கள் இடத்தில் நியாயமில்லை என்று உணர்ந்தவர்கள் மோசமானார்கள். சுமை குறையாதபோதும் நியாயத்தைச் சரிசெய்ய முடியும் என்பதால் இந்த முடிவு நடைமுறையில் பெரிய உதவி. யாருக்கு ஞாயிறு டியூட்டி, யாருக்கு தீபாவளி லீவு, யார் பெயர் அறிக்கையில் வருகிறது என்பதெல்லாம் பட்ஜெட் கேட்கும் விஷயங்கள் அல்ல.

மாஸ்லாக் தன் உரைகளில் நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிப் பறவையை உதாரணம் காட்டுவார். பறவை மயங்கினால் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறது என்று பொருள். பறவையைப் பலசாலியாக்கப் பயிற்சி கொடுப்பது அதற்கு வழியல்ல.

நம் பக்கத்தில்

செயின்ட் மார்க்ஸுக்கு நம் நாட்டில் மிக நெருங்கிய உறவு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டே டியூட்டி பார்க்கும் மருத்துவர்கள். தொடர்ந்து 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று டியூட்டி பார்ப்பது அவர்களிடையே சாதாரணப் பேச்சு. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டமே நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பேசுகிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48இல் தொடங்கியவர்கள், முப்பது ஆண்டு கழித்து 74ஐக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று இருக்கிறது. மருத்துவர்களுக்கு இது தெரியாத செய்தியல்ல.

ஏற்பாட்டை மாற்றுவது என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எளிய உதாரணம் உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தவர்களுக்காக, 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கினார்கள். கால்வலியைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை, நாற்காலி போடச் சொன்னார்கள். எல்லாக் கடையிலும் போட்டார்களா என்பது அந்தந்தக் கடையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது.

இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை

அறிந்துகொள்வதில், பாதிக்கப்பட்டவர்தான் கடைசி ஆள். ஃபிராய்டன்பெர்கர் விஷயத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது. அதனால் வீட்டில் "நீ முன்னெல்லாம் இப்படி இல்லை" என்று யாராவது சொன்னால் வாதாடாமல், எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் மாதத்தில் வேலையில் என்ன மாறியது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

சக ஊழியருக்கு உதவ நினைப்பவர்கள் "என்ன டல்லா இருக்கீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்றுதான் பதில் வரும். "எந்த ஒரு வேலையை உங்ககிட்ட இருந்து எடுத்தா கொஞ்சம் மூச்சு விடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே ஒன்றைச் சொல்வார்கள். அந்த ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

மேனேஜரிடம் பேசும்போது "ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆகுது சார்" என்று சொன்னால் ஆறுதல் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. இரண்டு வாரம் உண்மையில் என்னென்ன வேலை பார்த்தோம், அதில் எது நம் பொறுப்பில் இல்லாதது, எது ஆள் போனபின் நம் தலையில் விழுந்தது என்று எழுதி எடுத்துப் போய், இவற்றில் இந்த இரண்டு வேறு ஆளுக்குப் போக வேண்டும் என்று கேட்பது பலன் தரும். மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு தகவல்தான். அந்த இடம் மாறப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டால், வேறு வேலை தேடுவதைத் தோல்வி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. எல்லோராலும் உடனே விலக முடியாது, வீட்டுக்கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்கு மாறுவதுகூடப் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. விடாத அசதிக்கு ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் நம்மிடையே மிகச் சாதாரணமான காரணங்கள், முதலில் அவற்றைச் சோதித்துவிட வேண்டும். லீவு நாளிலும், பிடித்த விஷயத்திலும், பிள்ளைகளோடு இருக்கும்போதும் மனம் இருண்டே இருந்தால் அது பர்ன்அவுட்டைத் தாண்டி மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டும். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய இலவச எண்களில் தமிழிலும் பேசலாம்.

ஃபிராய்டன்பெர்கர் 1999இல், 73 வயதில் மறைந்தார். கடைசி வாரங்கள் வரைக்கும் நாளுக்கு 14, 15 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் உழைத்தார் என்று இரங்கல் செய்திகள் சொல்லின. இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு வேறொன்று தோன்றியது. நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் திருந்தவே இல்லை, ஆனால் அந்தப் பிற்கால வேலை அவர் கைப்பிடியில் இருந்த வேலை. இரண்டு வாசிப்புக்கும் இடம் உண்டு. அறிகுறிகளை மனப்பாடமாக அறிந்தவர்கூட அந்த அறிவால் மட்டும் தன் நாளைச் சுருக்கிக்கொள்ளவில்லை என்பது நிச்சயம். விழிப்புணர்வு வகுப்பை மட்டும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லீவு முடிந்து திரும்புவதுதான் பலரும் தவறவிடும் இடம். ஒரு மாதம் ஓய்வெடுத்து, முகம் தெளிந்து வருகிறார். முதல் நாளே ஒரு மாத வேலை மேஜையில் காத்திருக்கிறது. மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார், லீவு கொடுத்தும் பயனில்லை என்று நிர்வாகம் முடிவு கட்டுகிறது. திரும்பி வருவதற்கு முன்பே மேனேஜரும் அவரும் உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: அவரிடமிருந்து நிரந்தரமாக எடுக்கப்படும் வேலை எது, அதை யார் பார்ப்பார்கள், முதல் மாதம் எத்தனை மணிக்கு அவர் கிளம்புவார். அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருக்கிறதோ இல்லையோ, டியூட்டி போடுகிறவர் கையெழுத்து கட்டாயம் இருக்க வேண்டும்.